தானாக நிற்கும் என்று சொல்லி மாட்டிய மோட்டார்

டேங்க் குறைந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும், நிரம்பினால் தானாக நிற்க வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் மாட்டிக் கொடுத்தார். மொட்டை மாடி டேங்குக்குள் தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சாராக மூன்று கம்பி, அங்கிருந்து கீழே ஒரு வயர், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. காபி எல்லாம் கொடுத்துத்தான் அனுப்பினோம்.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருநாள் விடியற்காலையில் பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். எங்கள் டேங்க் வழிந்து அவர்கள் வீட்டுச் சுவர் முழுக்கத் தண்ணீர். போய்ப் பார்த்தால் பெட்டியில் 'ஆஃப்' விளக்கு எரிகிறது, மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டி மாட்டியவருக்குப் போன் போட்டேன். "பெட்டி மேல ரெண்டு தட்டு தட்டுங்க சார், நின்னுடும்" என்றார். தட்டினேன். நின்றது! எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தட்டினால் நிற்கும் என்று தூக்கக் கலக்கத்திலேயே சொல்கிறார் என்றால் இதற்கு முன் எத்தனை பேரைத் தட்டச் சொல்லியிருப்பார்?

மறுநாள் வந்து, உள்ளே மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சின்ன சுவிட்சான நீல நிற ரிலேயை மாற்றி 450 ரூபாய் வாங்கினார். போட்டதும் அதே ரகம்தான். "10 ஆம்பியர்னு ரிலேயிலயே போட்டிருக்கு பாருங்க. உங்க மோட்டார் ஒரு எச்.பி.தான், ஆறு ஏழு ஆம்பியருக்கு மேல இழுக்காது" என்றார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று நானும் தலையாட்டினேன்.

மூன்றே வாரம். இந்த முறை நாங்கள் ஊரில் இல்லை. டேங்க் வழிந்து, சம்ப் காலியாகி, தண்ணீர் இல்லாமலே மோட்டார் ஓடி, சீல் கருகி, பம்ப் இறுகி, வைண்டிங்கும் எரிந்துவிட்டது.

காயில் கட்டும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கட்டுக்கூலி 2,900 ரூபாய். பெட்டியையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். அந்தக் கடை அண்ணன் ரிலேயின் மூடியை நெம்பிக் காட்டினார். உள்ளே இரண்டு கான்டாக்ட் புள்ளிகளும் வெல்டிங் வைத்ததுபோல ஒட்டிக் கிடந்தன. "அந்த 10 ஆம்பியர் ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டார் கிளம்புற நொடியில ஓடுறதைப் போல அஞ்சாறு மடங்கு இழுக்கும் தம்பி" என்றார். ஏழு ஆம்பியர் என்றால் கிளம்பும்போது முப்பத்தைந்து, நாற்பது. ஒவ்வொரு முறை மோட்டார் கிளம்பும்போதும் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு பொறி. கொஞ்சம் கொஞ்சமாக உருகி, ஒருநாள் பிரியவே மாட்டாமல் ஒட்டிக்கொள்கிறது. சென்சார் நிறுத்தச் சொல்கிறது, ரிலேயின் காயிலும் விட்டுவிடுகிறது, ஆனால் கான்டாக்ட் விடுவதில்லை. அதனால்தான் 'ஆஃப்' விளக்கு எரிந்தும் மோட்டார் ஓடியது.

இதற்குக் கான்டாக்டர், அதாவது மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே, போட வேண்டுமாம். சின்ன ரிலே கான்டாக்டரின் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும், மோட்டாரின் கரண்ட் கான்டாக்டர் வழியாகப் போகும். வாங்கும்போது அதில் 'ஏசி-3' என்று போட்டு எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும், மோட்டாருக்கான கணக்கு அதுதான்.

இதுவரை பணம் போன கதை. எனக்கு இன்னும் நடுக்கம் தருவது வேறு. அண்ணன் பெட்டிக்குச் சப்ளை கொடுத்து, டேங்குக்குப் போகும் சென்சார் வயரில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. மெயினிலிருந்து பிரித்துக் குறைந்த வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரே உள்ளே இல்லை. ஒரு கெப்பாசிட்டரை வைத்து 230 வோல்ட்டை அப்படியே இறக்கியிருக்கிறார்கள். மீட்டரில் பார்த்தால் கம்பிகளுக்கு நடுவே 12 வோல்ட்தான் காட்டும், ஆனால் அந்தச் சர்க்யூட் முழுவதும் மெயினோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது. பேஸ், நியூட்ரல் மாறியிருந்தால் டேங்க் தண்ணீரிலேயே மின்சாரம். டேங்க் பிளாஸ்டிக், குழாய் பி.வி.சி. என்பதால் எங்கேயும் எர்த் ஆகவில்லை, எதுவும் ட்ரிப் ஆகவில்லை. போன மாதம் என் மனைவி மெயினை நிறுத்தாமல் அந்த டேங்குக்குள் கைவிட்டுப் பாசி தேய்த்தாள். எப்படித் தப்பினாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

மாட்டியவரிடம் கேட்டதற்கு, "அப்ப நல்லாத்தானே ஓடுச்சு சார்" என்றார். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை.

இப்போது டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டி, தனிக் கான்டாக்டர், சம்ப் காலியானால் மோட்டாரை நிறுத்த அதில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச். கம்பிகளும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். பழைய செம்புக் கம்பிகளில் ஒன்று மூன்று மாதத்துக்குள்ளேயே பச்சை பிடித்துப் பாதி அரித்துப் போயிருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படிப் பெட்டி இருந்தால் டேங்கில் கை வைக்கும் முன் மெயினை நிறுத்திவிடுங்கள். யாரையாவது விட்டுச் சென்சார் வயரில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே ஆள் எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளுக்கு மாட்டியிருக்கிறார். இரண்டு வீட்டில் பார்த்துவிட்டோம், இரண்டிலும் டெஸ்டர் எரிந்தது. மூன்றாவது வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம்.