எண்ணெய் தடவிய பாட்டில்: நான் ஏமாந்தது இப்படித்தான்

பழைய கண்ணாடி பாட்டில்களை ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எட்டு வருடமாகச் சேர்க்கிறேன், கண் பழகிவிட்டது என்ற நினைப்பில் இருந்தவன் நான்.

விளம்பரத்தில் இரண்டு பாட்டில்கள். ஒன்று லேசான கடல் நிறத்தில் மருந்து பாட்டில், "1880 காலத்தது, கையால் ஊதியது" என்று விற்கிறவர் போட்டிருந்தார். இன்னொன்று கத்தரிப்பூ நிறம். நாலு படம், நாலுமே முன்பக்கம். வாயையும் அடிப்பாகத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வெளியூரில் இருக்கிறாராம், வந்துதான் எடுக்க முடியுமாம், அதற்குள் வேறு ஒருவர் கேட்கிறாராம். அங்கேயே விட்டிருக்க வேண்டும். கை நிற்கவில்லை.

பார்சலில் ஒரே ஒரு சுற்று செய்தித்தாள், உடையாமல் வந்ததே அதிசயம். மருந்து பாட்டில் பளபளவென்று இருந்தது, உடனே "கிடைத்தது, அருமை" என்று ஐந்து நட்சத்திரமும் போட்டுத் தொலைத்தேன். ராத்திரி கழுவ எடுத்தால் விரலில் பிசுக்கு. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து வைத்தேன். காலையில் பார்த்தால் உள்ளே முழுக்கப் பால் காய்ந்த மாதிரி வெள்ளை மங்கல். உப்புப் படிவாக இருந்தால் வினிகரில் விட்டுவிடும், இது விடவில்லை, ஏனென்றால் ஈர மண்ணில் பல காலம் கிடந்து கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. எண்ணெயைத் தடவிவிட்டால் அது காய்கிற வரை மங்கல் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம்தான் பக்கவாட்டு அச்சுக்கோட்டை, அதாவது அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் விழும் கோட்டை, நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தேன். கழுத்தில் நிற்காமல் வாயின் விளிம்பையும் தாண்டி மேலே போகிறது. அந்தக் காலத்தில் உடம்பை அச்சில் ஊதிவிட்டு வாயைத் தனியாகக் கருவியால் சுழற்றி முடிப்பார்கள், அதனால் கோடு கழுத்திலேயே அழிந்துவிடும். மருந்து பாட்டில் மாதிரி குறுகிய வாய்க்காரனில் விளிம்புவரை கோடு வருவது பாட்டில் செய்யும் ஓவன்ஸின் தானியங்கி எந்திரம் 1903 வாக்கில் வந்த பிறகு. அப்போது 1880 எங்கிருந்து வந்தது?

கத்தரிப்பூ நிறக்காரன் கதையும் அதேதான். மாங்கனீஸ் சேர்த்த நிறமற்ற பழைய கண்ணாடி வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்தால் மெல்ல ஊதா ஏறும், பெரும்பாலும் வெளிறின ஊதாதான். மை ஊற்றின மாதிரி அடர்த்தியாக இருந்தால் கதிர்வீச்சில் வைத்து எடுத்தார்களா என்று சந்தேகப்படுங்கள். நான் சந்தேகப்படவில்லை, அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

கேட்டதற்கு "பழசுன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். சண்டை போட்ட பிறகு, திருப்பி அனுப்பினால் பணம் தருவதாகச் சொன்னார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்து, புகார் கொடுக்கும் கெடு தாண்டியதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அந்த நட்சத்திரம் வேறு எனக்கு எதிராக நிற்கிறது. நல்லவேளை, பாட்டில்களை அனுப்பவில்லை.

போன வாரம் வேறு பெயரில் ஒரு புது விளம்பரம். தோளில் பிறை மாதிரி சின்னக் கீறல், படத்திலேயே தெரிகிறது. என் அலமாரியில் இருக்கும் மருந்து பாட்டிலேதான், அதே பழைய படம். இப்போது "1870" என்று போட்டிருக்கிறார்.