சென்னை மாநகராட்சியின் நாய் உரிமம்: எங்கள் செவலைக்கு வாங்கிய அனுபவம்

2025 தீபாவளி அன்று ராத்திரி எங்கள் செவலை வெடிச் சத்தம் தாங்காமல் வாசல் கேட்டின் கம்பிகளுக்கு நடுவில் நுழைந்து ஓடிவிட்டாள். கழுத்துப் பட்டை கம்பியில் மாட்டி அறுந்து அங்கேயே தொங்கியது, அதில்தான் எங்கள் போன் நம்பர் எழுதிய தகடும் இருந்தது. பெரம்பூர் முழுக்க நானும் வீட்டுக்காரரும் வண்டியில் சுற்றினோம். மூன்றாவது நாள் காலையில் ஜமாலியா பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். தெரு நாய் என்று நினைத்துதான் அந்த அண்ணன் இரண்டு நாளாக பன் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா, பட்டை இல்லாத நாட்டு நாயைப் பார்த்தால் யாருமே அப்படித்தான் நினைப்பார்கள்.

உரிமம், தோலுக்கு அடியில் போடும் அடையாளச் சிப் எல்லாம் ராட்வைலர் மாதிரி முரட்டு நாய் வைத்திருப்பவர்களுக்குத்தான் என்று அதுவரை நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறிய பிறகு இந்தப் பேச்சு பெரிதானதால் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. உண்மையில் தெருவில் எடுத்து வளர்க்கும் நாய்க்குத்தான் இது ரொம்பத் தேவை. லாப்ரடார் தொலைந்தால் "யார் வீட்டு நாயோ" என்று நாலு பேர் கேட்பார்கள், செவலையை யார் கேட்பார்கள்?

செவலை தொலைந்து கிடைத்த அந்த சமயத்தில் மாநகராட்சி சிப்பையும் உரிமத்தையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருந்தது. கெடு நவம்பர் கடைசியில், பிறகு டிசம்பருக்குத் தள்ளிப் போனது. திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் ஆகிய இடங்களில் உள்ள மாநகராட்சி செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் வெறிநாய்த் தடுப்பூசியும் சிப்பும் இலவசம். எங்களுக்குப் பக்கம் திரு.வி.க. நகர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குச் சீக்கிரமே கிளம்பிப் போனோம், அப்படியும் எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. ஆட்டோவில் வந்த ஜெர்மன் ஷெப்பர்டு, மீன் கூடையில் துணி போட்டு மூடிக் கொண்டுவந்த பூனை, பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சட்டைக்குள் வைத்திருந்த குட்டி என்று பாதி ஊரே அங்கே இருந்தது.

டாக்டர் முதலில் சிப்பை ஸ்கேனரில் படித்துப் பார்த்தார், அப்புறம் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைப் பிடித்துத் தூக்கி ஊசியை ஏற்றினார், திரும்பவும் முதுகின் மேல் ஸ்கேனரை வைத்து எண் வருகிறதா என்று சரிபார்த்தார். ஊசி வழக்கமான ஊசியை விடத் தடிமன், மறைக்கவில்லை, எனக்கே வயிற்றைப் பிசைந்தது. செவலை ஒரு முறை வீல் என்று கத்தினாள், அவ்வளவுதான், மத்தியானம் சோறு வைத்ததும் மறந்துவிட்டாள். சிப் ஒரு அரிசி அளவு, உள்ளே பேட்டரி எதுவும் இல்லை. நாய் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் என்று வரிசையில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார், அது தவறு. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அந்த எண்ணுக்கு நேராக உங்கள் பெயரும் போன் நம்பரும் பதிவேட்டில் இருக்கும். ஆகவே நம்பர் மாற்றினால் அங்கேயும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சிப் போட்டும் பயனில்லை.

அடுத்தது விண்ணப்பம். மாநகராட்சி இணையதளத்தில் போன் நம்பர் கொடுத்து உள்ளே போய், உங்கள் படம், நாயின் படம், விலாசச் சான்று, தடுப்பூசிச் சான்று எல்லாம் ஏற்ற வேண்டும். அதிகாரிகள் சரிபார்த்த பிறகு பணம் கட்ட வேண்டும், நாங்கள் கட்டியபோது வருடத்துக்கு 50 ரூபாய். ஒரு பிரவுசிங் சென்டரில் இதே வேலைக்கு என்னிடம் 500 கேட்டார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள், போனிலேயே அரை மணி நேரத்தில் நாங்களே முடித்தோம்.

எங்களுக்குத் தகராறு வந்தது தடுப்பூசிச் சான்றில்தான், அதற்குக் காரணம் நாங்கள் வழக்கமாகப் போகும் தனியார் கிளினிக். ஊசிக் குப்பியின் ஸ்டிக்கரை மட்டும் புத்தகத்தில் ஒட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு கிறுக்கல் கையெழுத்தோடு விட்டிருக்கிறார்கள். டாக்டரின் முத்திரையும் இல்லை, கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. முத்திரைக்காக அந்த கிளினிக்குக்கு மூன்று தடவை நடந்தேன், டாக்டர் இல்லை, சாயங்காலம் வாங்க, நாளைக்கு வாங்க. வருடா வருடம் காசு கொடுத்துப் போடும் ஊசிக்கு உருப்படியாக ஒரு சான்று எழுதித் தரக் கூடாதா? வெறிநாய்க்கடி நோயில் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம், அந்த ஊசிக்கான தாளில் இவ்வளவு அலட்சியம் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. இப்போதே போய் உங்கள் நாயின் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நாயின் பெயர், தேதி, பேட்ச் எண், முத்திரை, பதிவு எண், இதில் எது இல்லாவிட்டாலும் அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் எழுதி வாங்கிவிடுங்கள்.

முத்திரையோடு திரும்ப ஏற்றினோம், ஒப்புதல் வந்தது, 50 ரூபாய் கட்டி உரிமத்தை இறக்கி ஒரு பிரின்ட் எடுத்து வைத்தோம். இனம் என்ற இடத்தில் நாட்டு நாய் என்றுதான் கொடுத்தோம். அதைக் கொடுக்கும்போது எனக்கு மனசு நிறைந்தது, நாலு வருடத்துக்கு முன்னால் ரயில்வே லைன் ஓரத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டி அவள்.

செலவழித்த நேரத்துக்கும் பணத்துக்கும் இது நிச்சயம் தகும். ஒரே ஆசை, பேட்டையில் உள்ள எல்லாத் தனியார் கிளினிக்குகளும் ஒரு ஸ்கேனர் வாங்கி வைக்க வேண்டும். தொலைந்த நாயைத் தூக்கிக்கொண்டு மக்கள் முதலில் ஓடுவது பக்கத்து கிளினிக்குக்குத்தானே. இன்னொன்று, உரிமம் ஒரு வருடத்துக்குத்தான், நான் ஊசித் தேதியையும் உரிமத் தேதியையும் சேர்த்தே காலண்டரில் குறித்துவிட்டேன்.

கீழ் வீட்டு அக்கா வளர்க்கும் கருப்பனுக்கு இன்னும் சிப் போடவில்லை. ஆட்டோவில் ஏறவே மாட்டான், அதனால் இந்த வாரம் தினமும் சாயங்காலம் அவனையும் செவலையையும் சேர்த்து நிற்கும் ஆட்டோவில் உட்கார வைத்துப் பிஸ்கட் போட்டுப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.