டிரெய்லர் டெயில் லேம்ப்: இறுகிய ஸ்க்ரூவை எடுக்க எந்த வழி ஏற்றது?

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் உப்பளங்களை ஒட்டி ஓடுகிற கன்டெய்னர் டிரெய்லர்களில் டெயில் லேம்ப் மாற்றும்போது, வயரை இணைப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். பழைய ஸ்க்ரூக்களைக் கழற்றுவதில்தான் பொழுது போகிறது. உப்புக் காற்றும், சக்கரங்கள் வாரி இறைக்கும் சேற்று நீரும் மரைக்குள் இறங்கி உண்டாக்கும் துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், ஸ்க்ரூ ஆப்பு அறைந்ததுபோல் இறுகிவிடுகிறது. இதற்கு அஞ்சியே எரியாத விளக்கோடு இரவில் வண்டியை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் வருகிறவரின் உயிரைப் பணயம் வைக்கிற அந்தத் தள்ளிப்போடலுக்கு இடமில்லாத அளவுக்கு எளிய வழிகள் உள்ளன.

வழிகளை ஒப்பிடும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பழைய விளக்கும் பழைய ஸ்க்ரூவும் குப்பைக்குப் போகப்போகிறவை. காப்பாற்ற வேண்டியது விளக்கைத் தாங்கும் பிராக்கெட்டையும் அதிலுள்ள துளையையும் மட்டுமே. இஞ்சினில் இறுகிய போல்ட்டை எடுப்பதற்குரிய பொறுமை முழுவதையும் இங்கே செலவிடத் தேவையில்லை.

துரு இளக்கும் எண்ணெயால் தீங்கில்லை, ஆனால் அது மட்டும் போதும் என்று நம்பக் கூடாது. டபிள்யூடி-40 போன்றவற்றை முந்தின நாள் மாலையே, முடிந்தால் பிராக்கெட்டின் பின்புறமிருந்து மரை மேல் படும்படி அடித்து, ஸ்க்ரூவின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டிவிட்டால் எண்ணெய் உள்ளே இறங்க வழி கிடைக்கும். தலைப்பக்கம் மட்டும் அடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி விளக்கின் பிளாஸ்டிக்கில் வழிந்தே வீணாகிறது.

அடுத்து, சூடேற்றுவதா, இம்பேக்ட் ஸ்க்ரூடிரைவரா என்ற கேள்வி வருகிறது. சூடு நன்றாகவே வேலை செய்யும்: இரும்பு விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி உடைந்துபோகும். ஆயினும் விளக்கின் பிளாஸ்டிக், வயரின் மேலுறை, பெயின்ட், அருகில் செல்லும் பிரேக் காற்றுக் குழாய் ஆகிய அனைத்தும் அந்தச் சூட்டுக்குத் தாங்காதவை. சற்றுமுன் அடித்த எண்ணெயே தீப்பற்றக் கூடியது. விளக்கைக் கழற்றிய பிறகு தலை போய் எஞ்சி நிற்கும் ஸ்க்ரூத் தண்டுக்கு மட்டும் சூட்டை ஒதுக்கி வைப்பதே முறை.

இம்பேக்ட் ஸ்க்ரூடிரைவரை நான் முதலிடத்தில் வைக்கிறேன். சாதாரண ஸ்க்ரூடிரைவரை எவ்வளவு அழுத்தித் திருப்பினாலும் ஸ்டார் ஸ்க்ரூவின் பள்ளத்திலிருந்து முனை மேலேறி வழுக்குகிறது; இந்தக் கருவியோ சுத்தியல் அடியின் விசையைக் கொண்டே முனையைப் பள்ளத்துக்குள் அழுத்தி, அதே கணத்தில் திருப்பியும் விடுகிறது. பள்ளத்தில் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2ஆம் எண் முனையும் 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3ஆம் எண் முனையும் போட வேண்டும். பொருந்தாத முனையால் ஓர் அடி அடித்தாலும் பள்ளம் சிதைந்துபோகும். மெல்லிய தகட்டு பிராக்கெட்டாக இருந்தால் பின்னால் கனத்த இரும்பொன்றை முட்டுக்கொடுக்காமல் அடிக்கக் கூடாது, தகடு வளைந்துவிடும்.

பள்ளம் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் ஈஸி அவுட் (ஸ்க்ரூவின் நடுவே துளையிட்டு, அதில் எதிர்த்திசையில் முறுக்கி அதைக் கழற்றும் எஃகுக் கருவி) போடலாம் என்று பலர் சொல்கிறார்கள். இந்த அளவுச் சிறிய ஸ்க்ரூக்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறிய துளைக்குள் போகும் ஈஸி அவுட் மெல்லியதாகவே இருக்கும். முறுக்கும்போது அது உள்ளேயே ஒடிந்தால், அந்தக் கடின எஃகைச் சாதாரண டிரில் பிட் தொடக்கூட முடியாது. தலையின் மேல் நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவது வலுவான வழிதான். ஆனால் அதற்கு பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும், ஏபிஎஸ் பிரேக்கின் வயர்களைக் காக்க வேண்டும், எர்த் கிளாம்பை அருகிலேயே மாட்ட வேண்டும். ஒரு டெயில் லேம்புக்காக இத்தனை ஏற்பாடு தேவையா என்பதே என் கேள்வி.

அதற்குப் பதிலாகத் தலையை டிரில் செய்து எடுத்துவிடுவது எல்லா வகையிலும் மேலானது. நடுவில் பஞ்சால் சிறு குழி அடித்து, ஸ்க்ரூவின் தண்டு அளவுக்கே உள்ள பிட்டால், தலையின் கனம் வரை மட்டும் துளைத்தால், தலை தனியே கழன்று வரும். விளக்கை அப்படியே உருவிவிடலாம். விளக்கின் அடிப்பாகக் கனத்தின் அளவுக்குத் தண்டு வெளியே நீண்டு நிற்பதால் வைஸ் கிரிப் (இறுகப் பூட்டிக்கொள்ளும் பிளையர்) அதைக் கவ்விக்கொள்ளும். தலையின் இழுவிசையும் போய்விட்டதால், முன்பு அசையாத தண்டு பல வேளைகளில் இப்போது இணங்கித் திரும்பும். அப்போதும் வராவிட்டால், 5 மி.மீ. ஸ்க்ரூவானால் 4.2 மி.மீ. பிட்டால் நடுவே துளைத்து, மரை வெட்டும் 5 மி.மீ. டேப் போட்டுப் புது மரை எடுக்கலாம்.

பிராக்கெட்டின் பின்புறம் ஸ்பானர் போக இடமிருந்தால் அந்தப் புது மரையும் வேண்டாம் என்பேன். துளையை 5.5 மி.மீ. ஆக்கி, 5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட்டை ஊடே விட்டு, மரை இறுகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவி, பின்னால் நைலாக் நட் (தானே தளராதபடி நைலான் வளையம் பொருத்திய நட்) போட்டுவிட்டால், அடுத்த முறை அது இறுகினாலும் நட்டைக் கிரைண்டரால் வெட்டி எடுத்துவிடலாம். பிராக்கெட்டுக்கு எந்தச் சேதமும் வராது. அலுமினியப் பாடியாக இருந்தால் மட்டும், ஸ்டெயின்லெஸ் போல்ட் தொடும் இடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும் என்பதால், நைலான் வாஷரும், துளைக்குள் போல்ட்டைச் சுற்றி நிற்கும் நைலான் புஷ்ஷும் சேர்த்துப் போட வேண்டும்.