அரசரின் நகரமா, பிரபுவின் நகரமா?

பழைய ஸ்காட்லாந்தில் கடை போட நினைப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது ஊரின் சாசனத்தை: அது அரசரிடமிருந்து வந்ததா, பிரபுவிடமிருந்தா?

எடின்பரோவில் இந்த இரண்டும் ஒரே தெருவில் இருந்தன. கோட்டையிலிருந்து இறங்கும் சாலையில் நெதர்போ வாயில்வரை அரச நகரம். வாயிலைத் தாண்டினால் கேனன்கேட், ஹோலிரூட் மடத்துக்குச் சொந்தமான தனி நகரம். அதற்குத் தனிச் சந்தை, தனி நீதிமன்றம், தனிச் சிறை. 1636இல் எடின்பரோ நகர சபை அதன் மீதான பிரபு உரிமையை விலைக்கே வாங்கிவிட்டது.

வணிகருக்கு அரச நகரம்தான் லாபம். கம்பளியும் தோலும் கடல் கடந்து விற்கும் ஏகபோகம் அதனிடம் இருந்தது. நாடாளுமன்றத்தில் இடமும் உண்டு. பதிலுக்கு நாட்டின் வரியில் ஆறில் ஒரு பங்கை இந்த நகரங்களே சுமந்தன. ஏகபோகத்தில் பெரிய உடைப்பு 1672இல்தான் விழுந்தது.

அதற்காக அரச முத்திரையை நம்பி உட்கார்ந்துவிடவும் முடியாது. 1126இல் அரச நகரமாக்கப்பட்ட ரதர்க்ளென், பக்கத்திலிருந்த கிளாஸ்கோவிலேயே சுங்கம் வசூலித்தது. பிஷப்பின் நகரமான கிளாஸ்கோவுக்காக 1226இல் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் அதைத் தடுத்தார். இன்று ரதர்க்ளென் கிளாஸ்கோவின் நிழலில் ஒரு சிறு நகரம். வலுவான பிரபு வாய்த்தால் பிரபு நகரமே மேல் என்பேன்.

ஆனால் குற்றம் சாட்டப்பட்டால் கதை வேறு. சாதாரணப் பிரபுவுக்கே 'குழியும் தூக்குமரமும்' என்ற உரிமை இருந்தது: கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனைத் தூக்கிலிடலாம், பெண்ணாயின் நீரில் மூழ்கடிக்கலாம். 'ரிகாலிட்டி' பெற்ற பெரும் பிரபு கிட்டத்தட்ட குட்டி அரசர். ராஜதுரோகம் தவிர எல்லா வழக்கும் அவர் முன்தான். அரசரின் அதிகாரி பிடித்துவைத்த ஆளைக்கூடத் தன் நீதிமன்றத்துக்குத் திருப்பிக் கேட்கலாம். நீதிபதியும் நிலச்சுவான்தாரும் ஒருவரே என்றால் குத்தகை பாக்கி வைத்தவனுக்கு எங்கே நியாயம் கிடைக்கும்?

அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீட்க எழுந்த ஜாக்கோபைட் கிளர்ச்சி அடங்கிய பின், 1747இல் லண்டன் நாடாளுமன்றம் ரிகாலிட்டிகளை ஒழித்தது. இழந்த அதிகாரங்களுக்கு ஈடாக ஆர்கைல் கோமகன் ஒருவருக்கே 21,000 பவுண்டு கிடைத்தது. அரச நகரங்களின் நீதிமன்றங்களில் கைவைக்கவில்லை. சிறு பிரபுக்களுக்கு நாற்பது ஷில்லிங் வரையிலான வழக்குகள் மிஞ்சின. குத்தகையை வசூலிக்கும் அதிகாரத்தை மட்டும் எவரும் பிடுங்கவில்லை.