வீட்டில் வீடியோ எடுக்க எந்த விளக்கு? ஜன்னல், ரிங் லைட், சாஃப்ட்பாக்ஸ், எல்இடி பேனல்: ஓர் அலசல்

வீட்டில் உட்கார்ந்து வீடியோ எடுக்கத் தொடங்குகிறவர்கள் பலரும் முதலில் வாங்குவது வளைய வடிவ விளக்கான ரிங் லைட்டைத்தான். கேமராவைப் பார்த்துப் பேசும் வீடியோவுக்கு, என்னைக் கேட்டால், அது கடைசியாக யோசிக்க வேண்டிய விளக்கு.

முகத்தில் விழும் நிழல் கடுமையாக இருக்குமா, மென்மையாக இருக்குமா என்பது வாட் கணக்கைப் பொறுத்ததல்ல. முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. இருட்டறையில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் கையை நீட்டி, செல்பேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு விரலும் கத்தரித்து ஒட்டியதுபோல நிழலாக விழும். டார்ச்சைச் சற்றுப் பின்னால் தள்ளி, கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தால் விளிம்புகள் கரைந்துவிடும். விளக்கு அதேதான், பரப்பு மட்டும் பெருகியிருக்கிறது. மலிவு விளக்குகளில் எது தேறும் என்பதை இந்த ஒரு சோதனையை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் ஜன்னலுக்கு. செலவே இல்லாத மிகப் பெரிய சாஃப்ட்பாக்ஸ் (பல்புக்கு முன்னால் வெள்ளைத் துணி மூடிய பெட்டி) அது. வெயில் நேராக விழாத ஜன்னலுக்குச் சுமார் 45 டிகிரி திரும்பி உட்கார்ந்து, முகத்தின் இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையையோ தெர்மாகோலையோ நிறுத்தினால் போதும். வெயில் விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரை வேண்டும். ஜன்னலின் குறை ஒன்றுதான்: அது நம் சொல் கேட்காது. மேகம் நகர்ந்தால் முகம் மங்கும். வெட்டி ஒட்டும்போது ஒரு வாக்கியம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் நிற்கும். இரவில் மட்டுமே நேரம் கிடைக்கிறவர்களுக்கு அதனால் பயனில்லை.

ரிங் லைட்டின் பிறவிக் குணம் வேறு. கேமராவைச் சுற்றி வளையமாக ஒளி விழவைக்கும் முறை பல் மருத்துவப் படங்களுக்காக வந்தது. வாய்க்குள் நிழல் விழக்கூடாது என்பதே அங்கே தேவை. ஒப்பனை, நகப்பூச்சு, சிறு பொருட்களின் நெருக்கக் காட்சி ஆகியவற்றுக்கு அது இன்றும் அருமையான விளக்கு. பேசும் முகத்துக்கோ கொஞ்சம் நிழல் வேண்டும். அது இல்லாவிட்டால் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும். கண்ணாடி அணிந்தவர்களுக்கு இரண்டு வில்லைகளிலும் வெள்ளை வளையம் விழுந்து கண்களையே மறைக்கும். பக்கவாட்டில் நகர்த்தினால் வளையம் போய்விடும். ஆனால் அப்போது அது சாதாரண சிறு விளக்காகிவிடுகிறது. யுஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் சிறியவற்றுக்கு ஒரு கை நீளத்தைத் தாண்டினால் தெம்பும் இல்லை.

சாஃப்ட்பாக்ஸ்தான் என் தேர்வு. 50க்கு 70 சென்டிமீட்டர் அளவுள்ள துணிப்பெட்டி முகத்துக்கு அருகில் நின்றால், ஜன்னலின் மென்மை கணிசமாகக் கிடைத்துவிடும். மலிவான மாதிரிகள் பலவற்றில் திருகு வகை வீட்டு பல்பு மாட்டும் இ27 ஹோல்டரே இருக்கிறது என்பது பெரிய அனுகூலம். கூட வரும் பல்பு பிடிக்காவிட்டால் அதை மட்டும் மாற்றலாம். சிஎஃப்எல் பல்பு வந்தால் மாற்றிவிடுவதே நல்லது: உடைந்தால் உள்ளே பாதரசம், முழு வெளிச்சத்துக்கு வரவும் நேரம் பிடிக்கும். இரண்டு பெட்டி கொண்ட செட் வாங்கி, இரண்டையும் இருபுறமும் சமமாக எரியவிடுவது பரவலான பழக்கம். அதில் முகம் மறுபடி தட்டையாகும். ஒன்று விளக்கு, மறுபுறம் வெள்ளை அட்டை என்பதே அழகு. குறை என்றால் இடம்தான். ஸ்டாண்டும் மெலிதாகவே இருக்கும். காலில் கனமாக எதையாவது வைக்காவிட்டால் சாய்ந்துவிடும்.

பல்பு வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். சாதாரண எல்இடி பல்புகளின் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு 100 வரை போகும் அளவு) 80 அளவில் இருக்கும். அதில் தோலின் சிவப்பு செத்துப்போய்த் தெரியும். 95க்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். அடுத்தது மினுக்கம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், உள்ளே நல்ல சுற்று இல்லாத பல்பு விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு வீடியோவில் கோடுகளாக ஓடும். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60, 1/120. கடையிலேயே செல்பேசியின் ஸ்லோ மோஷனில் பல்பைப் படம்பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சிறு எல்இடிகளை வரிசையாகப் பதித்த தட்டையான பலகையான எல்இடி பேனல் சாஃப்ட்பாக்ஸுக்கு நேரடிப் போட்டி. கைக்குள் அடங்கும், பல மாதிரிகள் பேட்டரியில் ஓடும், 3200 முதல் 5600 கெல்வின் வரை, அதாவது மஞ்சள் சாயலிலிருந்து பகல் வெண்மை வரை, நிறத்தை மாற்றலாம். ஆனால் சிறியது, நேராக அடித்தால் கண் கூசும், மூக்கின் நிழல் கன்னத்தில் கோடு போடும். அதை வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புங்கள், சுவரே விளக்காகிவிடும். வெளிச்சம் நிறைய வீணாகும் என்பதால் சக்தி கூடிய பேனல் தேவை. சுவர் பச்சையாக இருந்தால் முகமும் பச்சையடிக்கும். இடம் மாறி மாறிப் படமெடுப்பவர்களும் சாஃப்ட்பாக்ஸ் நிற்க இடமில்லாத அறைக்காரர்களும் இதையே வாங்கலாம்.

எதை வாங்கினாலும், சட்டகத்தில் தெரியாத அளவுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். சிறு விளக்கு இரண்டு மடங்கு தள்ளிப் போனால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். அறையின் மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கன்னம் ஒரு நிறமும் மறு கன்னம் இன்னொரு நிறமுமாக வரும். கண்ணாடி போட்டவர்கள் விளக்கைத் தலைக்கு மேலே உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய்த்தால் வில்லையிலிருந்து பிரதிபலிப்பு விலகிவிடும்.