உயிர்ப்பாறையா, உலர்பாறையா?

வீட்டில் பவளமும் கடல்மீனும் வளர்க்கும் புதிய உப்புநீர்த் தொட்டிக்கு (பவளத் தொட்டி) எந்தப் பாறை என்பதை மீன் வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். உயிர்ப்பாறை என்பது கடலிலிருந்து ஈரத்தோடு வரும் பழைய பவளக்கூடு; அதில், மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும். தொட்டி சீக்கிரம் தயாராகும். ஆனால் கூடவே மீனை வேட்டையாடும் மாண்டிஸ் இறால், ஐப்டேசியா என்ற சிறு கடற்சாமந்தி எல்லாம் வந்து சேரலாம். ஐப்டேசியாதான் பெரிய தலைவலி: பக்கத்துப் பவளத்தைக் கொட்டும், பிய்த்தால் சிறு துண்டிலிருந்தும் மறுபடி முளைக்கும்.

காய்ந்து, உயிர் இல்லாமல் வரும் உலர்பாறையில் அந்தப் பயம் மிகக் குறைவு, விலையும் குறைவு. ஆனால் பாக்டீரியா புதிதாக வளர வேண்டும் என்பதால், அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அப்புறமும் கொஞ்ச காலம் பழுப்புப் பாசி படியும்.

இந்தியாவில் உலர்பாறைதான் சரி. இங்கே பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில், இருக்கிறது. மன்னார் வளைகுடாப் பாறையை யார் விற்றாலும் வாங்காதீர்கள்.