பழைய மொசைக்குக் கல் பாலிஷ்: செம்பியத்தில் போட்டுப் பார்த்தது

மாடித் தரையைப் பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குனியக்கூட இல்லை. "எல்லாத்தையும் உடைச்சுட்டு டைல்ஸ் போட்டுடலாம் சார், ஜம்முனு இருக்கும்" என்று நின்றபடியே ரேட் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் தரையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அஞ்சு ரூபாய்க் காசை எடுத்து, தட்டிக்கொண்டே ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்ந்தார். அவருடைய ஆட்கள் போட்டுக் கொடுத்த பாலிஷைப் பற்றித்தான் இது. ஓட்டேரி பக்கத்துக் குழு. போர்டு, கடை, பில் புக் எதுவும் கிடையாது. மேஸ்திரியின் செல்போன்தான் ஆபீஸ்.

எங்கள் வீடு சென்னை செம்பியத்தில். கீழ்வீட்டுக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்கு உத்தரங்களுக்கு மேலே சின்னச் செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியது. அதன் மேலேதான் மாடி ஹால், ரெண்டு ரூம், நடை. மொத்தம் 640 சதுர அடி, அத்தனையும் மொசைக். 1979-ல் அப்பா போட்டது. சாம்பல் சிமென்ட்டில் கறுப்பும் வெள்ளையும் கொஞ்சம் பச்சையுமாகச் சில்லு, கட்டத்துக்குக் கட்டம் கண்ணாடிப் பட்டை. இப்போது வாஷ்பேசின் பக்கம் காலை உறுத்தும் சொரசொரப்பு. பீரோவை இழுத்த கோடு ஹாலின் குறுக்கே. ஜன்னல் ஓரம் சாரல் அடித்து அடித்துச் சில்லுகள் பெயர்ந்து பல்லாங்குழி மாதிரி ஆகிவிட்டது.

மகன் பெங்களூரிலிருந்து நாலுக்கு ரெண்டு அடி டைல்ஸ் படமாக அனுப்பிக்கொண்டே இருந்தான். வீட்டம்மாவுக்கு வினைல் ஷீட் விரித்துவிடலாம் என்று எண்ணம். ஷீட் மெல்லிசு. அடியில் இருக்கும் குழியும் மேடும் ஒரு மாசத்தில் மேலே தெரிய ஆரம்பித்துவிடும். அதனால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தது.

டைல்ஸ் பேச்சுதான் நீண்டது. நான் பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். பழைய ரிவெட்டைத் தட்டும்போது பக்கத்து ரிவெட் என்ன ஆகும் என்று தெரியும். சுண்ணாம்புக் கூரையின் தலைமேல் பிரேக்கர் மெஷினை வைத்து மொசைக்கைப் பெயர்த்தால், கீழ்வீட்டுக் கூரையில் எந்தச் செங்கல் எப்போது அசையும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு கான்ட்ராக்டரிடம் இதைக் கேட்டேன். "கீழ பூசிக் குடுத்துடலாம் சார்" என்றார். விழுந்த பிறகு பூசுவதாம்!

உடைக்காமல் மொசைக் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம். அது தப்பான வேலை இல்லை. ஆனால் விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீர் குடிக்காத சரக்கு, உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் கீழே. சிமென்ட் பாலைத் தடவி வைத்தால் அதைப் பிடிக்காது. டைல் அட்ஹெசிவ் என்ற பசைதான் போட வேண்டும், அதுவும் பல் வைத்த கரண்டியால் முழுப் பரப்புக்கும் இழுக்க வேண்டும். நாலு மூலைக்கு நாலு உருண்டை வைத்து அமுக்கும் ஆளிடம் மாட்டினால் நடுவில் பொக்கை நிற்கும், கட்டில் கால் பட்ட அன்று விரிசல். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் தரை அரை அங்குலம் ஏறும். அத்தனைக் கதவையும் கழற்றி அடியில் இழைக்க வேண்டும். மாடிப்படியின் கடைசிப் படி மட்டும் மற்றதைவிட உயரமாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் பழகிய வயசானவர்களைத் தடுக்கி விடுவது அந்த அரை அங்குலம்தான்.

உடைத்து, மூட்டை கட்டி இறக்கி, டைல்ஸ் போட்டு முடிக்க எனக்குச் சொன்ன தொகை 1,15,000 ரூபாய். பாலிஷுக்குச் சதுர அடி 30 ரூபாய், சுவரோரத்துக்கு ஓட்டடி (நீளத்தில் ஒரு அடி) 25 ரூபாய் தனி. குழி அடைப்பதும் சேர்த்து எல்லாம் முடியும்போது 25,000-ஐ ஒட்டி வந்தது.

மேஸ்திரி காசால் தட்டியதில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்ட இடமே அதிகம். ஜன்னல் ஓரம் மட்டும் 'பொத்' என்றது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டார். "சார், இது கெட்டுப்போவல. மேல தோலுதான் போயிருக்கு. உள்ள கல்லு அப்படியே கீது. கோடு போட்ட இடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் புதுசாப் போட்டுக்கலாம்." அப்போதே முடிவு செய்துவிட்டேன். டைல்ஸ்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எனக்குக் கிடைக்காத பதில் இது.

வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன். பாலிஷ் என்றதும் மெழுகு தடவித் துடைப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். இது அரைப்பு வேலை. மெஷினின் அடித்தட்டில் கார்போரண்டம் என்ற அரைக்கும் கற்களைச் சொருகி, தரையில் தண்ணீரை நிற்க விட்டு ஓட்டுகிறார்கள். முதலில் 60-ம் நம்பர் கல்; நம்பர் ஏற ஏறக் கல் நைசாகும். அந்த ஒரு ஓட்டத்திலேயே நாற்பது வருஷ அழுக்கும் தேய்ந்த மேல்தோலும் சாம்பல் கூழாக வந்துவிடுகிறது. கூழை வழித்துத் தள்ளியபோது, நாங்கள் மறந்தே போயிருந்த பச்சைச் சில்லு கண்ணில் பட்டது. ஆனால் தரை அப்போது பளபளக்காது. வெளுத்துப்போய், கோடு கோடாகத்தான் இருக்கும். அந்த நிலையில் பார்த்துவிட்டு வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

அடுத்தது பால் அடைப்பது. வெள்ளை சிமென்ட், சாதா சிமென்ட், துளி கறுப்புக் கலர் பொடி. இதைக் கூழாகக் கரைத்து ரப்பர் தகட்டால் தரை முழுக்கத் தேய்த்து, ஊசித்துளைகூட விடாமல் அடைக்கிறார்கள். அதன்மேல் ஈரச் சாக்கு. இங்கேதான் இந்தக் குழுவை மெச்ச வேண்டும். அடுத்த நாளே வந்து மெஷினை ஓட்டினால் அடைத்தது எல்லாம் திரும்ப வெளியே வந்துவிடும். இவர்கள் நன்றாக இறுகும்வரை வரவே இல்லை. போன் போட்டால், "தண்ணி மட்டும் ஊத்திக்கினே இருங்க சார், அவசரம் வேணாம்" என்று பதில். பிறகு 120, 320, 400 என்று கல்லை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஒவ்வொரு கல்லும் முந்தின கல் விட்ட கீறலை எடுக்கத்தான். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் அந்தக் கீறல் பளபளப்புக்கு அடியில் காலத்துக்கும் நிற்கும். கல்லின் நம்பரை நானே திருப்பிப் பார்த்தேன். கேட்டதற்கு அந்த ஆட்கள் முகம் சுளிக்கவில்லை. கடைசியாக ஆக்சாலிக் பவுடரைத் தூவி, தண்ணீர் தெளித்துச் சாக்குத்துணியால் தேய்த்தார்கள். அந்தப் பவுடர் விஷம். அவர்கள் வெறுங்கையால் அள்ளினார்கள். நான்தான் கையுறை வாங்கி வந்து கொடுத்தேன். கூட்டிப் போகும் மேஸ்திரி கொடுத்திருக்க வேண்டியது அது.

குறை என்றால் முதலில் அந்தச் சாம்பல் கூழ். ஒரு பையன் அதைப் பாத்ரூம் ஜாலியில் தள்ளப் போனான், நல்லவேளை பார்த்துவிட்டேன். அது சிமென்ட்டும் கல் தூளும்தானே, குழாய்க்குள் படிந்து இறுகினால் சுவரை உடைக்க வேண்டியதுதான். பக்கெட்டில் வழித்து, தெளிய விட்டு, மண்டியைச் சாக்கில் கட்டச் சொன்னேன். சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள்.

ரெண்டாவது, ஓரம். பெரிய மெஷின் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியே ஓடும். மீதியைக் கை மெஷினால் தேய்க்கிறார்கள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழும்போது, சுவரை ஒட்டி ஒரு மங்கலான நாடா ஓடுவது தெரிகிறது. மற்ற நேரம் கண்ணில் படாது. ஓட்டடிக்கு 25 ரூபாய் தனியாக வாங்கிய வேலைக்கு இது போதாது. ஜன்னல் ஓரத்து ஒட்டும் பழசோடு முழுசாகச் சேரவில்லை. இப்போது கிடைக்கும் வெள்ளைச் சில்லு கொஞ்சம் அதிக வெள்ளை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, அது இருக்கத்தான் செய்யும்.

கீழ்வீட்டு சமையலறைக்கும் இவர்களையே கேட்டேன். அங்கே சிவப்பு ஆக்சைடு தரை, அங்கங்கே உப்புப் பூத்து உரிகிறது. எங்கள் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு, வாசலே ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குத் தண்ணீர் உள்ளேயே வந்து நின்றது. மேஸ்திரி ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு, நாளைக்குப் பாருங்கள் என்று போய்விட்டார். மறுநாள் தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். "இதுக்குப் பாலிஷ் போட்டா காசுதான் போவும். மண்ணுலேர்ந்து ஈரம் ஏறுது. தரையைத் தூக்கி, கீழ ஷீட் போட்டு கான்கிரீட் போடணும், அது கொத்தனார் வேலை." வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். கடைசியில் கொத்தனாரை வைத்து அப்படியே உயர்த்தி, மேட் டைல்ஸ் போட்டாகிவிட்டது. அடுப்படிக்குப் பளபளப்பு எதற்கு, எண்ணெய் சிந்தினால் வழுக்கத்தான்.

பாலிஷ் போட்ட தரைக்கு ஆசிட் ஆகாது. சில்லு எல்லாம் பெரும்பாலும் மார்பிள்தான், புளிப்புப் பட்டால் அரித்துவிடும். சாப்பிடும் இடத்தில் எலுமிச்சம்பழ மூடி ஒன்று கவிழ்ந்து கிடந்து, எடுத்துப் பார்த்தால் வட்டமாக மங்கிப்போன ஒரு தடம். ரசம், மோர் சிந்தினாலும் உடனே துடைத்துவிட வேண்டும். வீடு துடைக்கும் அம்மாவிடம் பாத்ரூம் கழுவும் பாட்டிலை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். வெறும் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, அவ்வளவுதான். மெழுகு போடட்டுமா என்று குழுவினர் கேட்டார்கள். வழுக்கும், வேண்டாம் என்றுவிட்டேன்.

அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். ஓரத்துக்காக ஒன்று குறைத்தது. கொளத்தூரில் மச்சினி வீட்டிலும் இதே காலத்து மொசைக் இருக்கிறது, அங்கேயும் இவர்களையே சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஓரத்தையும் சேர்த்தே ஒரே ரேட். சாயங்கால வெளிச்சத்தில் சுவரோரம் பார்த்த பிறகுதான் கடைசிப் பணம் என்று முன்னாலேயே பேசியாகிவிட்டது. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டே ஒப்புக்கொண்டார்.